பாலத்தடியில் விட்டுவந்த அட்டை

உடப்புக்கு நாங்கள் போனது ஒரு நேர்த்திக்காக. சண்டை நடந்த காலம். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தோம். அதற்கு முந்தின வருசம் என் கணவரை ஆமிக்காரர் வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய், மாசக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ஒரு பின்னேரம் விட்டார்கள். இவர் உயிரோடு வந்தால் திரௌபதை அம்மன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நான் நேர்ந்திருந்தேன். ஆடித் திருவிழா வந்ததும் புறப்பட்டோம். தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்புவதுதான் எண்ணம்.

ஊருக்குள் போகும் பாலத்துக்கு வெளியே ஆமிக் காவலரண் இருந்தது. வெளியூர் ஆம்பிளைகள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம், திரும்பும்போது வாங்கலாம். அவருடைய அட்டையை வாங்கினவன் அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கோயிலுக்குப் பின்னால் கடல். அப்படி ஒரு கரையை நான் அதற்குமுன் கண்டதில்லை. மாவைத் தெள்ளிக் கொட்டினதுபோல மணல், கரைக்கு வரும்வரை பச்சையாய்த் தெரிந்த தண்ணீர். ஆனால் வள்ளங்கள் எல்லாம் மேலே இழுத்துவிட்டபடி கிடந்தன. முதல்நாள் தொடக்கம் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஆமிக்காரர் சொல்லியிருந்தார்களாம், காரணம் சொல்லவில்லையாம். கரையில் ஒரு நாய்கூட இல்லை. கடல் அவ்வளவு வடிவாய் இருந்தும் நான் அங்கே நிற்கவில்லை, திரும்பி நடந்தேன்.

கோயிலடியில் அவருக்குத் தூரத்துத் தங்கச்சி முறையான ஒருத்தி இருந்தாள். உடப்பில் வாழ்க்கைப்பட்டவள், எனக்கு மச்சாள். நானும் அவளும் அவள் வீட்டுக் குசினியில் கதைத்துக்கொண்டிருக்க, அவர் தனியே கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். கையில் மஞ்சள் கயிறு.

"இது ஆர் அண்ணை கட்டினது?" என்று மச்சாள் கேட்டாள்.

"ஐயர்தான். தீ மிதிக்கப் போறன் எண்டு சொன்னன், கட்டிவிட்டார்."

"தேத்தண்ணி இறக்கிறதுக்குள்ள காப்பும் கட்டியாச்சு. உங்கட ஆளுக்குச் சரியான அவசரம், மச்சாள்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அட்டை எங்க அண்ணை?"

"பாலத்தடியில."

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள்.

எங்கள் ஊரில் தீமிதிப்பு அன்று காலையில்தான் காப்புக் கட்டுவார்கள், மிதித்து முடிய அவிழ்ப்பார்கள். இங்கே முன்கூட்டியே கட்டுவார்களாம், மச்சாள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கட்டினவர் தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எல்லை அந்தப் பாலம். தீமிதிப்புக்கோ இன்னும் நாள் இருந்தது. அட்டை இல்லாத தமிழன், அதுவும் முன்பு ஒருதரம் பிடிபட்டவன், ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவிட்டுப்போட்டுப் போய் வாங்குங்கோவன், அம்மன் பொறுப்பா" என்றேன்.

ஆமிக்காரர் விட்டதிலிருந்து அவர் அதிகம் கதைப்பதில்லை. அன்றைக்குக் கதைத்தார். "அவதானே என்னை வெளியில கொண்டுவந்து விட்டவ. அவவின்ர கயிற்றை அவிட்டுப்போட்டு அவங்களிட்டப் போய்க் கையை நீட்டவோ?"

மச்சாளைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். சிலாபத்தில் மீன் விற்றுப் பழகியவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆள் நேரே வரவேண்டும் என்று முதலில் மறுத்துவிட்டார்கள். அவள் காப்பைப் பற்றி நெடுநேரம் விளங்கப்படுத்தினாள். கடைசியில் வயதில் மூத்த ஒருவர் கோயில் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ஹெட்ட" என்று தொடங்கி ஏதோ சொன்னார்.

"நாளைக்குத் தானே கும்பிட வாறாராம், கையோட கொண்டுவந்து தாறாராம்" என்றாள் மச்சாள். திரும்பி வரும் வழியில், "நல்ல மனுசன், வருவார்" என்றாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் அதையே சொன்னாள். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை குறைந்தது.

அந்த மூத்தவர் வரவில்லை. மறுநாள் பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் புது முகங்கள். பழைய ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பின்னேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ட்ரக்குகள் வந்து வரிசையாய் நின்றன. அதிலிருந்து ஒருவரும் இறங்கவும் இல்லை, அவை திரும்பிப் போகவும் இல்லை.

காப்புக் கட்டினவர்கள் கோயில் மண்டபத்திலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர், "வெளியூர் அண்ணைக்குத்தான் எங்களைவிட விரதம் கூட. சோறும் இல்ல, அட்டையும் இல்ல" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீமிதிப்பு அன்று சனம் நெருப்பைப் பார்த்தது. நான் பாலம் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தீயைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. அது அம்மனுடையது. "அரோகரா" என்று சத்தம் எழும்பித் திரும்பினபோது அவர் குழியைக் கடந்து அந்தப் பக்கம் நின்றார்.

அடுத்தநாள் காப்பு அவிழ்த்ததும் மூவரும் பாலத்துக்கு நடந்தோம். ட்ரக்குகள் அங்கேயே நின்றன. காவலில் இருந்த பெடியன் ஒரு பெட்டிக்குள் இருந்து அட்டையை எடுத்தான். தரவில்லை. தீ மிதித்த கதையை மச்சாள் சொல்ல, காலைக் காட்டச் சொன்னான். அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கிக் காட்டினார். சாம்பல் ஏறிக் கறுத்திருந்தது, ஒரு கொப்புளம் இல்லை. அவன் குனிந்து பார்த்தான். மெதுவாக ஏதோ சொன்னான். பிறகு அட்டையை நீட்டினான்.

மச்சாள் அதை அங்கே வைத்துத் தமிழில் சொல்லவில்லை. பஸ் வரும் இடத்துக்கு வந்தபிறகு நான்தான் கேட்டேன்.

"நெருப்பே சுடாத ஆளைப் போன வருசம் என்னத்துக்குப் பிடிச்சவங்கள் எண்டு கேட்டவன்."

அவர் பிடிபட்டதைப் பற்றி அங்கே நாங்கள் வாய் திறக்கவில்லை. தானும் சொல்லவில்லை என்று மச்சாள் அம்மன்மேல் ஆணையிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்த அட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கவில்லை. அதை வைத்து இவரை விசாரித்திருக்கிறார்கள், எங்கள் அறைவரை தேடிவர அவர்களுக்கு நேரமாகாது.

அவர் யன்னல் பக்கம் இருந்து வழிநெடுகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அறைக்கு வந்ததும் நான் விளக்கேற்றி, அவருடைய காலைத் தொட்டு, அம்மனைக் கும்பிட்டேன். பிறகு அலுமாரியைத் திறந்து உடுப்புகளை மூட்டை கட்டத் தொடங்கினேன். எங்கே போவது என்று எனக்கே தெரியாது, அவரும் குனிந்து மூட்டையின் மறு முனையைப் பிடித்தார்.