நைஸ் என்றால் மாவு

உங்களை ‘நைஸ்’ என்று பாராட்டிவிட்டு, உங்களுக்கு வரவேண்டிய பதவியை இன்னொருவருக்குக் கொடுத்தால், பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வருவீர்களா? மட்டாஞ்சேரி இசக்கிசெல்வி அப்படி வரவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்குப் போன பிச்சையைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தவர். முதலில் ஒரு சுக்குக் கிடங்கில் கூட்டிப் பெருக்கினார். கிடங்கு கைமாறி, வெள்ளையடித்து, ஹோட்டலானது. சுக்கு போயிற்று, துடைப்பம் மட்டும் அவர் கையைவிட்டுப் போகவில்லை. காயல் நீர் ஏறி வாசலுக்குள் வருவதை அங்கே வேலியேற்றம் என்பார்கள். அது வருமுன்பே கீழ்த்தளக் கம்பளங்களைச் சுருட்டி மாடிக்கு ஏற்றச் சொல்பவர் அவர். புதிதாக வரும் பெண்களுக்கு விரிப்பு மடிக்கப் பழக்கியவரும், வந்த சூப்பர்வைசர்களுக்கெல்லாம் எந்தச் சாவி எந்த அறைக்கு என்று காட்டியவரும் அவரே. அந்தச் சூப்பர்வைசர்களோ, இடப்பள்ளிப் பக்கம் பெரிய ஹோட்டல் கிடைத்ததும் பறந்துவிடுவார்கள். போன மழைக்காலத்தில் அந்த இடம் மறுபடியும் காலியானது. இந்த முறை அது தனக்கு வேண்டும் என்று மேனேஜரிடம் நேராகவே கேட்டார் இசக்கிசெல்வி.

மேனேஜர் ஹரிநாராயணன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். யாரையும் திட்டமாட்டார். பாராட்டியே ஆளை உட்காரவைத்துவிடுவார். ஹோட்டலின் ஆண்டு விழாவில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் ஆங்கிலப் புகழ்ச்சொல்லைக் குத்துவது அவர் வழக்கம். கோட்டு போட்ட ஆண்களுக்கு ‘ஸ்மார்ட்’, ‘பிரில்லியன்ட்’. பெருக்கித் துடைக்கும் பெண்களுக்கு ‘ஸ்வீட்’, ‘நைஸ்’.

இந்த ஆண்டும் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். இசக்கிசெல்வி கையில் ‘நைஸ்’ என்று எழுதிய ஒரு பேட்ஜைக் கொடுத்தார்.

“செல்வி, இது நோக்குத்தான். அப்பறம், சூப்பர்வைசரா நம்ம விஸ்வநாத் வரான். நல்ல குடும்பத்துப் பையனாக்கும். ரொம்ப ஜென்டில்.”

நேற்றுச் சேர்ந்த விஸ்வநாத் தன் புது ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சார், நைஸுன்னா என்னது?” என்றார் இசக்கிசெல்வி.

“நல்லவள்னு அர்த்தம்.”

“எங்கூர்ல நைசுன்னா மாவுல்லா? அரைச்சு அரைச்சு, விரல்ல ஒண்ணுமே தட்டுப்படாத மாவு. பெறவு, நைசா எடுத்துட்டான்னா, நமக்குத் தெரியாம எடுத்துட்டான்னு அர்த்தம். இதுல எதச் சொல்லுதீய?”

கூடம் சிரித்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் ஸ்நேஹா அதற்குள் போனில் தேடிவிட்டாள். “சார், லத்தீன்லே அதுக்கு ‘ஒண்ணும் அறியாதவன்’னாக்கும் அர்த்தம். சேச்சிக்கு முட்டாள்னு பேட்ஜ் கொடுத்துட்டேளே.”

“அந்த ஜென்டிலயும் பாரு மோளே,” என்றார் இசக்கிசெல்வி.

“உசந்த குலத்துலே பிறந்தவன். வேறே ஒண்ணும் போடலை,” என்று படித்தாள் ஸ்நேஹா.

ஸ்நேஹா படித்தது பொய்யல்ல. ‘நைஸ்’ அறியாமையில் பிறந்து, முட்டாள்தனம், கூச்சம், நுணுக்கம் என்று தெருத்தெருவாக அலைந்து, கடைசியில்தான் இனிமைக்கு வந்து சேர்ந்தது. ‘ஸ்மார்ட்’ முதலில் சுரீரென்ற வலி. ‘டெரிஃபிக்’ குலைநடுங்க வைப்பது. சொல் மாறுவது குற்றமில்லை. ஆனால் எது புகழாயிற்று, எது வசவாயிற்று என்று பாருங்கள். ‘ஜென்டில்’, ‘ஜெனரஸ்’ இரண்டும் மேல்குடிப் பிறப்பைச் சொன்னவை, இன்று நற்குணங்கள். ‘வில்லன்’ பண்ணையில் பாடுபட்டவன், இன்று அயோக்கியன். பிறந்தவனுக்கு மாலை, உழைத்தவனுக்குச் செருப்பு. பிறப்பைக் குணமாக்கும் தந்திரம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ‘நல்ல குடும்பத்துப் பையன்’ என்ற ஹரிநாராயணன், தனக்கே தெரியாமல் ‘ஜென்டில்’ என்பதை மிகச் சரியாக மொழிபெயர்த்திருந்தார்.

“வார்த்தையைப் பிடிச்சுண்டு தர்க்கம் பண்ணப்படாது, செல்வி,” என்றார் அவர். “அர்த்தமெல்லாம் எப்பவோ மாறியாச்சு.”

“அர்த்தம் மாறிட்டு சார். எங்கையில இருக்க துடைப்பம் மாறலியே.”

இசக்கிசெல்வி சமையலறைக்குப் போனார். இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரின் மேல்மூடியில் பேட்ஜைக் குத்தப் பார்த்தார். குத்த முடியாமல், மேலே வைத்தார். பின்னாலேயே வந்த பெண்களும் தங்கள் ‘ஸ்வீட்’டையும் ‘நைஸ்’ஸையும் அதன்மேல் வைத்தார்கள்.

“எந்தா சேச்சி, கிரைண்டருக்கு அவார்டா?” என்றார் சமையல்காரர் யூசுப்.

“ஆமா சேட்டா. அதுதான் எவ்வளவு அரைச்சாலும் சம்பளம் கேக்காது.”

மறுவாரம் விஸ்வநாத் வந்து, “சேச்சி, இன்னிக்கு வேலியேற்றம் உண்டா?” என்று கேட்டான்.

“அது சூப்பர்வைசர் பாக்க வேண்டிய வேல, தம்பி. எனக்கு அந்த வேலயக் குடுக்கச் சொல்லு, நான் சொல்லுதேன்.”

அன்று நீர் ஏறியது. கம்பளங்கள் ஊறின, விருந்தினர்கள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினார்கள். விஸ்வநாத்தே போய், “இது என்னாலே முடியாது சார், சேச்சிக்குத்தான் கொடுக்கணும்,” என்று மேனேஜரிடம் சொன்னான். ஹரிநாராயணன் இசக்கிசெல்வியை அழைத்து, பேருக்கு விஸ்வநாத் இருக்கட்டும், வேலையை நீ பார்த்துக்கொள் என்றார்.

“பேரும் எனக்குத்தான் சார் வேணும். இல்லன்னா கம்பளம் நனையட்டும்.”

அதன்பிறகு விஷயம் முதலாளிகளிடம் போயிருக்கிறது. விருந்தினர்கள் எழுதும் கருத்துகளைப் பார்த்து முடிவு செய்வார்களாம். இதுவரை எழுதியவர்கள் இசக்கிசெல்வியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘நைஸ் லேடி.’ பக்கம் பக்கமாக ‘நைஸ் லேடி.’

அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த ஹோட்டலில் தங்க நேர்ந்தாலும் சரி, வேறெந்த ஊரில் உங்கள் படுக்கையை ஒரு பெண் விரித்தாலும் சரி, கருத்து எழுதும் கட்டத்தில் அச்சொல்லை எழுதாதீர்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர் செய்த வேலையை எழுதுங்கள். அடியில் ஒரு வரி சேருங்கள்: இவரை ஏன் இன்னும் சூப்பர்வைசர் ஆக்கவில்லை?