பெரிய வீட்டுக் காகிதங்கள்

எங்கள் தோட்டத்தில் பெரிய வீடு என்றால் துரை பங்களா இல்லை. துரைகள் வருவார்கள், போவார்கள். பெரிய வீடு என்பது பெரிய கங்காணியின் வீடு. கோலா பிலா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், லயங்களுக்கு மேலே மேட்டில் நிற்கும். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர். கல்யாணமோ கருமாதியோ புருஷன் பெண்டாட்டி சண்டையோ, எதுவானாலும் அந்த வாசலில் போய்த்தான் தீரும். எங்களுக்கு ராஜ வம்சம் என்றால் அவர்கள்தான்.

போன வருஷம் அந்த வீட்டை இடிப்பதென்று முடிவானது. பெரிய கங்காணியின் பேரன் மனைவி சிரம்பானிலிருந்து எனக்கு போன் செய்தார்.

"அக்கா, பழைய பேப்பர் ரெண்டு அலமாரி கெடக்கு. எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் படிக்க வராதுலா. யூனிவர்சிட்டில கேக்குறாங்க, இங்கத்து அரசியல் வரலாறு எழுதுறாங்களாம். நீங்க வந்து பிரிச்சுக் குடுங்களேன்."

வரலாறு எக்கேடு கெட்டால் எனக்கென்ன. நான் போனது சித்திக்காக.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தின் ஊரில் என்னோடுதான் இருக்கிறாள். அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் பால் வெட்டி, முதுகு கூனியவள். இந்த மாநிலத்தை விட்டு வெளியே போனதில்லை. ஆனாலும் அவளிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நாட்டில் தங்கிக்கொள்ளலாம், குடிமகள் இல்லை, ஓட்டு இல்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் அட்டையின் நிறத்தைப் பார்த்ததுமே எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பார்கள். "இங்கதான்லா" என்பாள் சித்தி, சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதிவு இலாகாவில் பெயரை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். பிறப்புச் சான்றின் மேல்மூலையில் ஓர் எண் இருக்கும், அது கிடைத்தால் பழைய பதிவேட்டில் பார்க்கலாம், அதற்குப் பிறகு குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுச் செய்யலாம் என்றார்கள். சாவதற்குள் நீல அட்டையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் சித்தியின் ஆசை. வேறெதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சான்று பெரிய வீட்டில் இருந்தது. சுதந்திரத்தின்போது பெரிய கங்காணி கட்சிக் கிளையின் தலைவர். ஊருக்குத் திரும்பிப் போகும் கனவை விடுங்கள், குடியுரிமை எடுங்கள் என்று லயம் லயமாக ஏறி இறங்கியவர். லயத்துக் கூரை ஒழுகும் என்பதால், சனங்கள் பிறப்புச் சான்றுகளை அவரிடமே கொடுத்து வைத்தார்கள். என் தாத்தாவும் கொடுத்தார். குடியுரிமைக்கு முதலில் அனுப்பிய கட்டோடு என் அம்மாவின் தாள் போனது. அம்மாவுக்கு நீல அட்டை வந்தது. சித்தியின் தாள் அடுத்த கட்டோடு போவதாக இருந்தது.

சித்தியையும் கூட்டிக்கொண்டு போய், அலமாரிகளை நான்தான் பிரித்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தன. மந்திரி வந்தபோது எடுத்த படங்கள், வரவேற்பு மடல்கள், கிளைக் கூட்டங்களின் குறிப்புகள். குறிப்புகளைப் படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மந்திரிக்கு யார் மாலை போடுவது என்று ஒரு சண்டை. கிளைக்குள்ளேயே பெரிய கங்காணி கோஷ்டிக்கும் ஆபீஸ் கணக்கெழுதிய பெரிய கிராணியின் கோஷ்டிக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்பதற்குப் பக்கம் பக்கமாக விவாதம். நடுவே ஒரே ஒரு வரி: மீதிச் சான்றுகளைப் புதிய செயலவை அமைந்ததும் அனுப்புவது. செயலவை அமைவதற்குள் கிளை இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கும் இல்லை. ஒரு மாலைக்காக என் சித்தி அந்நியக்காரி ஆனாள்.

"சாமி ரூம்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு" என்றார் பேரன் மனைவி. "தாத்தா இருந்தவரைக்கும் சரஸ்வதி பூசைக்கு அதைத் தெறந்து வெப்பாங்களாம். அவரு போனப்புறம் நாங்க யாரும் தொட்டதில்ல. பெட்டி மேல பூ மட்டும் போடுவோம்."

பெட்டிக்குள் சான்றுகள் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, பலகை மாதிரி இறுகிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தேன். எல்லாத் தாளுக்கும் மேல்மூலையில் மஞ்சளும் சந்தனமும் காய்ந்து கறுத்திருந்தன. புதுக்கணக்குக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மூலையில் மஞ்சள் வைப்போமே, அதே மாதிரி. ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் தாள் மக்கிப் பூச்சி அரித்திருந்தது.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு தாளைத் தொட்டாள்.

"இதான் என் சூரா."

சூரா என்றால் பிறப்புச் சான்று. சித்திக்குப் படிக்கத் தெரியாது. தாளின் நடுவே ஒரு கிழிசல், அதன்மேல் பழுப்பாக ஓர் ஒட்டு. என் தாத்தா ரப்பர் பால் தடவி ஒட்டியதாம். பெயரைப் படித்தேன், அவள் பெயர்தான். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் இருந்தன. மேல்மூலை மட்டும் இல்லை. அந்த இடத்தில் என் கட்டைவிரல் நுழையுமளவுக்கு ஓட்டை. மற்ற தாள்களில் பாதி எண்ணாவது மிஞ்சியிருந்தது.

"சித்தி, எந்தப் புத்திசாலி இதுல சந்தனத்த அப்புனது?" என்று கத்திவிட்டேன்.

அவள் அந்த ஒட்டை விரலால் தடவினாள்.

"நாந்தாம்மா" என்றாள். "நான் சின்ன வயசுல இந்த வீட்லதான வேலைக்கு நின்னேன். பூசை அன்னிக்கு ஐயா என்னையத்தான் கூப்புடுவாரு. ஒவ்வொரு தாளும் ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு பொட்டு வையி புள்ளன்னுவாரு. எல்லாத்துக்கும் வெப்பேன். ஒட்டு போட்டது என்னுதுன்னு தெரியுமா, அதுக்கு மட்டும் ரெண்டு மூணு தடவ வெப்பேன். சீக்கிரமா ஆபீசுக்குப் போய்ச் சேரட்டும்னு."

பேரன் மனைவி எழுந்து உள்ளே போனார், தண்ணீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லிக்கொண்டு.

மறுவாரம் தாளை ஓர் உறையில் போட்டு இருவரும் பதிவு இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சின்னப் பெண், நல்ல பெண். அத்தை என்பதுபோல் மக்சிக் என்று கூப்பிட்டு சித்திக்கு நாற்காலி போடச் சொன்னாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தாள். எண் இல்லாமல் எதையும் தேட முடியாது என்றாள். பிறகு, குறை சொல்லும் குரலில் இல்லை, சும்மாதான் கேட்டாள், யார் இதை இப்படிச் செய்தது என்று.

பழசு, பூச்சி அரித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையைப் பிடித்தாள். அவளுக்குச் சந்தையில் பேசும் பசார் மலாய் நன்றாக வரும். மீன்காரனோடு அந்த மலாயில்தான் சண்டை போடுவாள். அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லும்மா" என்றாள் என்னிடம். "வேணும்னு கெடுக்கலன்னு சொல்லு. நல்லபடியா வரணும்னுதான் வெச்சேன்னு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் தாளை உறைக்குள் வைத்து, சித்தியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.