ரப்பர் மூடி போட்ட ஊறுகாய் ஜாடி

காய்ந்த ரப்பர் இலைமேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும்... அந்தச் சத்தம் கேட்டால் போதும், எங்கள் லயத்துப் பெண்களுக்கெல்லாம் கை பரபரக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். பீடோர் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே மரம் வெட்டினோம். மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது... கோடரியால் சாய்ப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வருஷம் முழுக்க லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளைச் சுற்றி நிழல். மத்தியானமானால் மழை. எதைக் காய வைத்தாலும் பூசணம் பிடிக்கும். மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கிற சில வாரங்கள்தான் வெயில் எங்கள் வாசலுக்கு வரும். அப்போது பாலும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஓடிவந்து சாக்கை விரிப்போம். கொத்தவரங்காய், பாகற்காய், சுண்டைக்காய், மோரில் ஊறிய மிளகாய்... கோழியை விரட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். அப்படி ஒரு சுகம் அது.

எல்லாம் வீட்டுக்குப் பின்னால் நான் போட்ட தோட்டத்தில் காய்த்தவை. வீடு கம்பெனி வீடு, மரம் கம்பெனி மரம், கையில் பிடித்த கத்திகூடக் கம்பெனிக் கத்தி. சாணியும் சாம்பலும் போட்டு நான் வளர்த்த அந்தத் தோட்டம் ஒன்றுதான் என்னுடையது. அதை விட்டு வேறெங்கும் போக எனக்கு மனசே இருந்ததில்லை.

எலுமிச்சை ஊறுகாயில்தான் தகராறு. துணி கட்டி மூடினால் ஈரம் இறங்கிப் பூசணம் பூத்துவிடும். முந்தின வருஷம் ஒரு ஜாடி முழுவதையும் குழியில் கொட்டிவிட்டு அழுதேன். சிரிக்காதீர்கள்... உப்புப் போட்டுக் குலுக்கிய கைக்குத்தான் அந்த வலி தெரியும்.

மறு வருஷம் ஒரு யோசனை வந்தது. பால் வாளியை ஸ்டோரில் கொடுத்த பிறகும் மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் கொஞ்சம் பால் சொட்டி நிற்கும். அதைக் கொண்டுவந்து தட்டில் ஊற்றி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தயிர் மாதிரி கட்டியானது. போத்தலால் உருட்டி மெல்லிசாக்கி, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். புகையில் அழகாகக் காய்ந்தது. இழுத்து ஜாடி வாயில் கட்டினால்... காற்றாவது புகுவதாவது!

என் வீட்டுக்காரர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கங்காணி கண்ணுல பட்டா சுசா லா, பெரிய தொல்லையாயிரும். பால் திருட்டுன்னு சீட்டக் கிழிச்சு வேலைய விட்டு அனுப்பிருவாங்க. வீடும் போயிரும்."

எனக்குத் தெரியாதா என்ன? வீடு போனால் தோட்டமும் போகும். மூட்டை முடிச்சோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் அந்த வயசுப் பிடிவாதம்... ஜாடியை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து அவர் வாயை அடைத்தேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஊறி அடங்குமுன்னே மூடித் தொலைத்திருந்தேன். நாலைந்து நாளில் உள்ளே பொங்கி, மூடி பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

அன்றைக்குப் பார்த்தா கங்காணியின் மனைவி பாக்கியம் அக்கா முருங்கைக்கீரை கேட்டு வரவேண்டும்? கதவு தட்டுகிற வழக்கமெல்லாம் அங்கே ஏது... நேரே அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

டப்பென்று ஒரு சத்தம். மூடி கிழிந்து, எலுமிச்சைத் தண்ணீர் அக்கா சேலையெல்லாம் தெறித்தது.

அவள் விறகை நகர்த்தினாள். கிழிந்த மூடியை எடுத்து இழுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"பாலா இது?"

தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு தர்றியா? எங்க வீட்டு ஊறுகாயும் பூத்துத்தான் போவுது லா. கங்காணி பொண்டாட்டி மங்குல கை வச்சா ஊரே பாக்கும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் முந்தானைக்குள் காலி ஜாடியை மறைத்துக்கொண்டு வந்து, மூடிக்கு அளவு பார்க்கச் சொன்னாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை, நன்றாக ஊறவிட்டுத்தான் மூடினோம். இரண்டு வீட்டிலும் ஊறுகாய் கெடவில்லை.

ஆனால் பயம் மட்டும் விடவில்லை. அக்கா மனசு மாறினால்? ஒரு கோபத்தில் புருஷனிடம் உளறிவிட்டால்? அவர்கள் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் காலை, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டாராம். இவருக்கு உயிரே போய்விட்டது. கங்காணி காதருகே குனிந்து,

"ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. இந்த வாட்டி மூடி ரொம்ப மெல்லிசா இருக்கு, கொஞ்சம் கெட்டியா செய்யட்டும்" என்றாராம்.

அவ்வளவுதான்.

நான் அக்காவிடம் ஓடினேன். தான் வாயே திறக்கவில்லை என்று தன் குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். ரப்பரிலேயே கிடக்கிற மனுஷனுக்குத் தினமும் சோற்றுப் பக்கத்தில் இருக்கிற ரப்பர் தெரியாதா என்று என்னையே கேட்டாள். நான் அவளைச் சந்தேகப்பட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கும் கோபப்படவில்லை.

ஐம்பது அறுபது வருஷம் ஓடிவிட்டது, இப்போது சிலிபின் ஊரில் மகன் வாங்கிய சொந்த வீட்டில் இருக்கிறேன். பின்கட்டு முழுக்கச் சிமெண்டு. வத்தல் பாக்கெட்டில் வருகிறது, ஊறுகாய் போத்தலுக்குத் திருகு மூடி. கெடுவதுமில்லை, வெடிப்பதுமில்லை. நல்ல வசதிதான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம். அவள் பெயர் என்ன என்று இன்னும் கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன... ஒரே வார்த்தையில் என்னை ரோட்டில் நிறுத்தியிருக்கக்கூடியவள். அந்த வார்த்தையைக் கடைசிவரை அவள் சொல்லவே இல்லை.