விமானத்துக்கும் ஒரு காது உண்டு

பிள்ளைகளா, நம் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கருப்பு முகமும் வெள்ளை முட்களுமாய் ஒரு வட்டப் பெட்டி தொங்குகிறதே, அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கடிகாரம் என்றுதான் நினைக்கிறார்கள். தீபாவளிக்கு வந்த உங்கள் மாமாகூட, "என்னாங்க மச்சான், ஒங்க வூட்டுல மட்டும் எந்நேரமும் நாலரையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அது நேரம் காட்டாது, உயரம் காட்டும். ஒரு சின்ன விமானத்திலிருந்து என் கையாலேயே கழற்றிய உயரமானி அது. முள் நாலரையில் நின்றால், நம் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை, இந்த லயம், கடலிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். லயம் ஓரிடத்திலேயே இருப்பதால் முள்ளும் ஓரிடத்திலேயே இருக்கிறது.

அது நம் வீட்டுக்கு வந்த கதையை எழுதித் தரச்சொல்லி நீங்கள் ரெண்டு பேரும் விடாமல் கேட்கிறீர்கள். அப்பா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிறு பிள்ளைகளாய் இருந்தபோது நான் கொழும்பில் ஒரு பட்டறையில் வயரிங் வேலை செய்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும்தான் வருவேன். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, வேன் பிடித்து, லிந்துலையில் இருந்து நடந்து வந்து பையோடு வாசலில் நின்றால், சின்னவன் கதவுக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்துகொள்வான். "ஒங்க அப்பாதான்டா, வந்து பாரு" என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். அவனுக்கு என் முகம் பழகி, மடியில் வந்து உட்காரும் நேரத்தில் எனக்கு லீவு முடிந்துவிடும்.

பிறகுதான் ஹட்டனுக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பறக்க ஒரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படகு மாதிரி ரெண்டு மிதவைகள் வைத்த விமானம். தண்ணீரில் ஓடி, தண்ணீரிலிருந்தே கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும். அதைப் பராமரிக்க எலக்ட்ரீஷன் தேவை என்றார்கள். வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன். சின்னவன் ஒளிவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் என் சாப்பாட்டுத் தட்டிலேயே கை வைக்கப் பழகிவிட்டான்.

ஆனால் நம் மலை உங்களுக்குத் தெரியும். காலையில் பளிச்சென்று இருக்கும். பகல் ஏறினால் பனி இறங்கி, எதிர் மலையை அப்படியே விழுங்கிவிடும். மலை தெரியாவிட்டால் விமானம் ஓட்டுகிற கெப்டன் பறக்க மாட்டார். விமானம் பாதி நாள் கரையிலேயே கட்டிக் கிடந்தது. முதலாளி ஒருநாள் வந்து சொல்லிவிட்டார்: உள்ளே இருக்கிற பழைய முள் கருவிகளைக் கழற்றிவிட்டு எலக்ட்ரோனிக் திரை பூட்ட வேண்டும். சீசனுக்கு முன்னால் அது பரிசோதனையில் பாஸானால் விமானம் இங்கேயே இருக்கும். பாஸாகாவிட்டால் தெற்குக் கடற்கரைக்குப் போய்விடும், வேலை வேண்டியவர்கள் கூடவே வரலாம்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது, சின்னவன் மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

திரை பூட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் மிஸ் வந்தார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நம் ஊர்க் குளிருக்குக் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். முதல் நாளே சொன்னார், "அண்ணை, நீங்கள் ஒரு வயரைக் கழட்டினால் அது எங்க இருந்து வந்தது எண்டு அடையாளம் போடாமல் அடுத்ததைத் தொடக்கூடாது." எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

கரையோரக் கொட்டகையில் விமானத்தை ஏற்றி வைத்து வேலையைத் தொடங்கினோம். முன்னால் இருந்த வட்டக் கருவிகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தோம். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று, திசைக்கு ஒன்று. அவற்றுக்குப் பின்னால் குழாய்களும் வயர்களும் நம் லயத்து லைட் கம்பத்தைவிட மோசமாய்ப் பின்னிக் கிடந்தன. புதிய வயர்களை மிஸ் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் நுனி சீவி, ஊசி போன்ற முனைகளை அழுத்திப் பூட்டி, கட்டுக் கட்டாய் மெழுகு நூலால் கட்டினேன்.

அங்கே படகு ஓட்டுகிறவர் ஒருத்தர் இருந்தார். சொந்தம் இல்லாவிட்டாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்னா மச்சான், ஏரோப்பிளேனுக்கு டிவி பூட்டுறீங்களாம்? இனி கெப்டன் ஆகாயத்துல நாடகம் பாத்துக்கிட்டே போவாரு."

"ஆமாங்க. நீங்க படகுல ரேடியோ கேட்டுக்கிட்டே போயி படகுத்தொறையில இடிச்சீங்கள்ல, அதே மாதிரிதான்."

மிஸ் தொப்பிக்குள்ளேயே சிரித்தார்.

முதல் தடவை கரண்ட் கொடுத்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். நாங்கள் பூட்டிய ரெண்டு திரையும் கொஞ்ச நேரம் கருப்பாகவே நின்றன. பிறகு ஒன்றில் மேலே நீல வானம், கீழே மண் நிறத் தரை. அந்தத் தரையிலிருந்து மெல்ல மெல்ல மலைகள் எழுந்தன. வெளியே பனி மூடி, கொட்டகை வாசலே தெரியவில்லை. உள்ளே திரையில் எதிர் மலை, பக்கத்து மலை, ரெண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் எல்லாம் அளவு பிசகாமல் நின்றன. கெப்டன் சிங்களவர். நம்மோடு பழகித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். திரையையும் வெளியே பனியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாஸ், இது பனிக்குக் கண்ணாடி போட்ட மாதிரி" என்று என் தோளில் தட்டினார். சிங்களத்தில் கைவேலை தெரிந்தவரைப் 'பாஸ்' என்பார்கள். அதற்கு முன் எத்தனையோ பேர் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் நான் அந்தப் பட்டத்துக்கு ஆள் என்று தோன்றியது.

திரை எப்படி உயரத்தைக் கண்டுபிடிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். பஸ் மலை ஏறும்போது காது அடைக்கிறது இல்லையா? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதைக் காது உணர்கிறது. விமானத்துக்கும் அப்படி ஒரு காது உண்டு. அதன் இடது பக்கத்து உடம்பில் காசு அளவு ஒரு வட்டத் தகடு, அதன் நடுவில் ஊசித் துளைகள். அதற்குள் வரும் காற்றை ஒரு குழாய் திரைக்குக் கொண்டுபோகும். இது போக, சட்டலைட்டைக் கேட்டும் திரை தனியாய் ஓர் உயரம் சொல்லும். யாரும் தெரியாமல் மறைத்துவிடக் கூடாது என்று அந்தத் தகட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். மிஸ் ஒரு சோதனைப் பெட்டியை அதில் மாட்டிக் காற்றுக் கசிவு பார்த்தார். எல்லாம் சரி.

வேலை முடிந்த நேரமும் ஆயுத பூசையும் ஒன்றாய் வந்தன. தேயிலை பேக்டரியில் ரோலர் முதல் ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். விமானத்தை மட்டும் விட முடியுமா? கெப்டனே கேட்டார், "நம்ம பிளேனுக்கு இல்லையா?" மிஸ்ஸும், "எங்கட ஊரிலயும் செய்வம்தானே" என்றார். உங்கள் அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து, சந்தனத்தைக் குழைத்து, சுண்டல் அவித்து, மாலை கட்டி அமர்க்களப்படுத்திவிட்டாள். நீங்களும் வந்து சுண்டலை அள்ளியது ஞாபகம் இருக்கும். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

மறுநாள் பரிசோதனை. மாலையைக் கழற்றி, நானும் படகு மச்சானும் ஈரத்துணியால் பொட்டுகளை எல்லாம் துடைத்து எடுத்தோம். கெப்டன் சுற்றி வந்து பார்த்தார், சுத்தமாய்த்தான் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர், நரைத்த மீசைக்காரர், படகுத்துறையில் கைகட்டி நின்றார். பின்னேரம் அவர் திரும்பிப் போகிறார். அதற்குள் கையெழுத்து விழ வேண்டும்.

விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி எழும்பியது. நான் கையில் வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கெப்டன் குரல் வந்தது.

"பாஸ், நான் மேல போறேன். ஆனா உயரம் போறது இல்ல! ஸ்கிரீன் சொல்லுது நான் இன்னும் தண்ணியில."

மிஸ் வயர்லெஸ்ஸை வாங்கினார். "சட்டலைட் உயரம் என்ன காட்டுது, கெப்டன்?"

"அது ஏறுது. மஞ்சள்ல எச்சரிக்கையும் வருது. நான் இறங்கிடறேன்."

நல்ல வெயில். நீர்த்தேக்கம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. கெப்டன் ஒரு வட்டம் அடித்துப் பத்திரமாய் இறங்கிவிட்டார். ஆனால் பரிசோதகர் மீசையைத் தடவினார்.

"காத்துக் குழாய் எங்கயோ நசுங்கிப்போச்சு, அண்ணை" என்றார் மிஸ். "நீங்கள் வயர்க்கட்டை இழுத்துக் கட்டின இடத்தில பாப்பம்."

அந்தக் கட்டு நான் கட்டியது. முகப்பைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, டோர்ச் அடித்துக் கை வைத்துப் பார்த்தேன். குழாய் நசுங்கவில்லை. மிஸ்ஸும் பார்த்தார். மூட்டுகளைப் பார்த்தோம், வயரைப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காய் இருந்தது, அதுதான் இன்னும் பயமாய் இருந்தது. எதிர் மலை உச்சியில் பனி வந்து உட்காரத் தொடங்கியது. மலை ஓரமாய்ப் போகிற பஸ்ஸைப் பார்த்து, இன்னும் எத்தனை நாளைக்கு இதில் போவேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு வந்தாள். விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனாள்.

"என்னங்க, ஒரு பொட்டகூட விட்டு வைக்கலயா? அந்தச் செவப்பு வட்டத்துக்குள்ள எவ்வளவு அழகா வச்சேன். அதையும் தொடச்சிட்டீங்களே."

மிஸ் முகப்பிலிருந்து தலையை வெளியே இழுத்தார். தொப்பி கீழே விழுந்தது.

"அக்கா, எந்த வட்டம்? காட்டுங்கோ."

அம்மா மிதவையில் கால் வைத்து, இடது பக்கத்துக் காசுத் தகட்டில் விரலை வைத்தாள். "இதாங்க மிஸ். அளவா வட்டம் போட்டிருந்தாங்களே, பொட்டுக்குன்னே விட்ட எடமாக்கும்னு நெனச்சேன். நல்லா அழுத்தி வச்சேன்."

மிஸ் டோர்ச் அடித்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தார். துளைகளுக்குள் சந்தனம் சிமெந்து மாதிரி காய்ந்து கிடந்தது. நாங்கள் துடைத்த ஈரத்துணி மேலே இருந்ததை எடுத்து, மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டிருந்தது.

"ஏரோப்பிளேன் காதுல சந்தனத்த அப்பிட்டு, ஏன் கேக்கலன்னு வயர நோண்டியிருக்கோம்!" என்றார் படகு மச்சான்.

மிஸ் சிரித்துச் சிரித்து மிதவையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும்தானே பக்கத்தில நிண்டு கும்பிட்டனான், அக்கா!" என்றார். அம்மாதான் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ சாமி, மெசின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்டும் கெடேல்லை. வெளியில இருந்து ஊதினால்தான் கெடும். அண்ணை, குழாயை உள்ளுக்குக் கழட்டுங்கோ. உள்ளுக்கிருந்து வெளியில தள்ளுவம்."

நான் குழாயைத் தகட்டிலிருந்து கழற்றினேன். படகு மச்சான் ஓடிப்போய் ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பைக் கொண்டுவந்தார். சந்தனத்தை வெந்நீர்த் துணியால் கொஞ்ச நேரம் ஊற வைத்தோம். நான் பம்பை மிதித்தேன். முதல் மிதிக்கு ஒன்றும் இல்லை. அடுத்து மெல்ல, விடாமல் மிதித்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். சந்தனம் துண்டு துண்டாய்ப் பறந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பரிசோதகரின் மீசையில் போய் ஒட்டியது.

நான் பம்பிலிருந்து காலை எடுத்தேன். அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "ஹொந்த சுவந்தய்" என்றார். நல்ல வாசனையாம். பிறகு தன் மணிக்கட்டில் விகாரையில் ஓதிக் கட்டிய பிரித் நூலைக் காட்டி, "நாங்களும் கட்டுறதுதானே. ஆனா காதுல இல்ல" என்று அவரும் சிரித்தார்.

துளைகளைச் சுத்தம் செய்து, உலர்த்தி, குழாயைப் பூட்டி, மிஸ் சோதனைப் பெட்டியை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். கசிவு இல்லை. விமானம் மறுபடி கிளம்பியது, இந்த முறை மிஸ்ஸும் உள்ளே. வயர்லெஸ்ஸைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம்.

"நாலாயிரம்" என்றது கெப்டன் குரல். "காது, சட்டலைட், ரெண்டும் ஒண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "ஐயாயிரம். ரெண்டும் ஒண்ணு."

படகு மச்சான் விசிலடித்தார். இன்னும் மேலே போனதும் கெப்டன் மறுபடி கூப்பிட்டார். "பாஸ், லிந்துலைப் பக்கம் முழுக்கப் பனி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஸ்கிரீன்ல ஒங்க மலை பச்சையா இருக்கு. பச்சைன்னா நான் நல்ல உயரத்துல இருக்கேன். மிஸ் கேக்கறாங்க, ஒங்க வீட்டுக்கு என்ன சொல்லணும்?"

அம்மா வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, "பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், சத்தமா போங்க கெப்டன்!" என்றாள். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததால் அது கெப்டனுக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் அன்று பனிக்கு மேலே விமானச் சத்தம் கேட்டதாய் நீங்கள் ரெண்டு பேரும் பிறகு சொன்னீர்கள்.

பரிசோதகர் படகுத்துறையிலேயே கையெழுத்துப் போட்டார். விமானம் நம் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. கெப்டன் பழைய உயரமானியை எனக்குப் பரிசாய்க் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் எப்போதும் வருகிற அதே பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஆயுத பூசைக்கு அம்மா சிவப்புத் துணியில், நீளமான வால் வைத்து ஓர் உறை தைத்துக் கொண்டுவந்தாள். விமானத்தின் காதுக்குத் தொப்பி. தைக்கச் சொன்னது மிஸ்தான். முதலில் அதைக் காதில் மாட்டினோம். அதன் மேல்தான் அம்மா சந்தனத்தை வைத்தாள், நல்லா அழுத்தி. மறுநாள் காலையில் நான் வாலைப் பிடித்து இழுத்தேன். பொட்டு உறையோடு வந்தது, விமானம் கிளம்பிப் போனது.