ஐம்பத்தேழு கிலோ

காயலான் கடை எடை மெஷினை நம்பி ஒரு மல்யுத்த அணியைத் தயார் செய்தவர்கள் இந்த உலகத்திலேயே நாங்கள் ஐந்து பேர்தான் இருப்போம். அந்த யோசனையைச் சொன்ன அறிவாளி நான். கேப்டன் என்று என்னைப் போட்டிருந்தார்கள். அந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான்.

எங்களுடையது ஒரகடம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி. மைதானத்தில் பாதி வண்டி நிறுத்தப் போய்விட்டது, மீதியைக் கபடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது பழைய ஸ்டோர் ரூமும் ஓரம் கிழிந்த ஒரு மேட் விரிப்பும். ஜூலையில் புது சீசனுக்குப் பயிற்சி தொடங்கியபோது பி.டி. சார் அறையிலிருந்த எடை மெஷின் மழையில் நனைந்து செத்துக் கிடந்தது. புதிது கேட்டு சார் எழுதிய கடிதம் ஆபீசில் எந்த ஃபைலுக்குள் தூங்கியதோ தெரியாது. சாரே ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். இன்னொரு முறை கேட்டுப் பார்க்க அவருக்கும் பயம்.

மல்யுத்தத்தில் எடைதான் எல்லாம். ஒரு கல்லூரியிலிருந்து ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒருவன்தான் இறங்கலாம். நான் அறுபத்தொரு கிலோ பிரிவு. என் நண்பன் ஐம்பத்தேழு. போட்டியன்று காலையில் எடை பார்க்கும்போது அதற்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நண்பன் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். மண்ணூரில் எட்டுப் பேர் தங்கிய அறையில் அவனுக்கு ஒரு பாய் அளவு இடம். இரவில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, பகலில் பி.காம். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஜங்ஷனில் இறக்கிவிட்டால் ஏழு மணிக்கு மேட் விரிப்பில் நிற்பான். மனிதன் எப்போதாவது தூங்கித்தானே ஆக வேண்டும்? வகுப்பு நேரத்தில் தூங்கினான். மூன்றாம் வருடத்தில் வருகைப் பதிவு அதல பாதாளத்துக்குப் போய்விட்டது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் பயிற்சி நாட்களையெல்லாம் ஆன் டியூட்டி என்று சேர்த்துக்கொள்வார்கள், பரீட்சை எழுதலாம். தேர்வாகவில்லையென்றால் அந்த வருடம் போச்சு. இன்னொரு வருடம் படிக்க அவன் வீட்டில் வழியில்லை, கம்பெனி லைனிலேயே நின்றுவிட வேண்டியதுதான். ஐம்பத்தேழில் அவனைச் சாய்க்க இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆள் கிடையாது. எடைக்குள் வந்துவிட்டால் போதும் என்றார் சார்.

காயலான் கடை ஜங்ஷனிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் இருந்தது. கம்பெனிகளில் கழித்துப்போட்ட அட்டை, பிளாஸ்டிக் டிரே, ஒயர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூட்டை வைக்கத் தகர மேடை, பக்கத்தில் சிவப்பு எண்கள். கடைக்காரருக்கு எங்களைப் பிடிக்கும். "ஏறு நைனா, இன்னிக்கு இன்னா காட்டுதுன்னு பாப்போம்" என்று அவரே கூப்பிடுவார். சரக்கு வாங்குகிற ஆளின் மெஷின் குறைத்துத்தான் காட்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஐந்து பேருக்கும் அது தோன்றவில்லை. படித்தவர்கள் அல்லவா.

இரண்டு மாதம் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கம்பெனி கேன்டீனில் சோற்றை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் தின்றான். பனியனுக்கு உள்ளே பாலிதீன் கவரைச் சுற்றிக்கொண்டு ஓடினான். எச்சில் ஊறி அந்த எடையாவது குறையட்டும் என்று புளியங்கொட்டையைச் சப்பித் துப்பிக்கொண்டே இருப்பான். நான் அந்த மெஷினில் ஐம்பத்தொன்பது காட்டினேன். இரண்டு கிலோ மிச்சம் இருக்கிறதே என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பரோட்டா தின்றேன். சால்னா வாசனைக்கு அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அதையும் கிண்டல் செய்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனி மெடிக்கல் ரூமில் எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். மறுநாள் காலை முகம் வெளுத்துப்போய் வந்தான்.

"ஏலே, அங்க அறுபத்தொண்ணரை காட்டுதுலே. இங்க அம்பத்தேழரைதான காட்டுச்சு?"

"சேஃப்டி ஷூ போட்டுகினு தானே ஏறின?"

"ஆமா. கழட்ட விடல."

"அப்புறம் இன்னாடா? இரும்பு வெச்ச ஷூ. ஜோடி ஒண்ணரை கிலோ வரும். யூனிஃபார்ம், பெல்ட், பேட்ஜ், நீ குடிச்ச டீ, அல்லாம் சேத்துக்கோ."

இப்படிச் சேர்த்துச் சேர்த்து நாலு கிலோவைக் கொண்டுவந்துவிட்டேன். அவனுக்கு உடனே முகம் தெளிந்தது. வேறொரு மெஷினில் ஏறிப் பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனோ என்னவோ. கேப்டன் சொன்ன பிறகு அவன் ஏன் சொல்லப்போகிறான்? கடைசி நாள் காலை, தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டு, சிவப்பு எண்ணில் சரியாக ஐம்பத்தேழு காட்டினான். நாங்கள் கைதட்டினோம். கடைக்காரர் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

போட்டி காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில். ஜட்டியோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவன் ஏறினான். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னார் சார். அதே எண். எடை பார்த்த அதிகாரி முகத்தில் கோபம்கூட இல்லை.

"ரூல்னா ரூல் சார். இன்னும் அரை மணி நேரம் மெஷின் தொறந்திருக்கும். எத்தனை வாட்டி வேணாலும் ஏறட்டும்."

அடுத்து ஏறிய நான் அறுபது புள்ளி எட்டு. ஐம்பத்தொன்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் மயிரிழையில் தப்பினேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரே மெஷின் இரண்டு பேருக்கும் பொய் சொல்லியிருக்கிறது. பரோட்டா தின்றவன் உள்ளே, பட்டினி கிடந்தவன் வெளியே.

"சார், என்னோட அறுபத்தொண்ணுல அவன் எறங்கட்டும், நான் விட்டுத் தர்றேன்" என்றேன். பெயர்ப் பட்டியல் போய்விட்டது, மாற்ற முடியாது என்றார் அதிகாரி. நான் மனதாரத்தான் கேட்டேன். முடியாது என்று அவர் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மைதானத்தைச் சுற்றி அவன் ஓடினான். எங்கள் நாலு பேர் ஜாக்கெட்டையும் மேலே மேலே போட்டுக்கொண்டு ஓடினான். வேர்வை வரவில்லை, உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும். முடியை வெட்டுங்கடா என்றார் சார். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இது வல்லக்கோட்டை முருகனுக்கு நேந்த முடிலே. செலக்ட் ஆனா மொட்டை போடுதேன்னு சொல்லியிருக்கேன்."

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நான்தான் வெட்டினேன். மொண்ணைக் கத்தரிக்கோல், இழுத்து இழுத்து வெட்ட வேண்டியிருந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மெஷினை மூடும்போது ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று.

யாரும் திட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு, "மீதி ஒனக்கு, மேட்ச் இருக்குல்ல" என்று திருப்பிக் கொடுத்தான். என் பிரிவில் நாலே பேர். ஒருவன் வரவில்லை, இறுதியில் நின்றவனுக்கு முதல் நிமிடத்திலேயே தோள் பிசகிவிட்டது. ஓரத்தில் நின்று, "காலப் புடிலே, காலப் புடி" என்று தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். பல்கலைக்கழக அணிக்கு நான் தேர்வானேன். சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

மறுநாள் காயலான் கடைக்குப் போனேன். கையை ஓங்கிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் எழுந்துகூட நிற்கவில்லை.

"தெனம் பாத்துகினுதான் இருந்தேன் நைனா. எப்டி சொல்றது? மெஷின் கம்மி காட்டுதுன்னு என் வாயாலயே சொன்னா, நாளிக்கி எவன் சரக்கு கொண்டாருவான்? எனக்கும் புள்ளங்க கீது."

அடிக்க வந்த கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரை அடித்து என்ன ஆகப் போகிறது? ஏறச் சொன்னது அவர். நம்பச் சொன்னது நான்.

பரீட்சைக்கு முன்பு அனுமதிப் பட்டியலை ஒட்டினார்கள். என் பதிவு எண் இருந்தது, அவனுடையது இல்லை. அவன் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வந்து பார்த்தான். தலையில் முடி திட்டுத் திட்டாக வளர்ந்திருந்தது. உண்மையில் வகுப்புக்குப் போன நாட்களை எண்ணினால் நான் அவனைவிட ஒன்பது நாள் குறைவு. அவன் கம்பெனியில் நின்ற நேரத்தில் நான் வீட்டில் தூங்கினேன், அவன் வகுப்பில் தூங்கிய நேரத்தில் நான் சினிமாவுக்குப் போனேன். என் குறையெல்லாம் ஆன் டியூட்டியில் நிரம்பிவிட்டது. அவனுக்கு இது தெரியும், ஒரே வகுப்புதானே.

"ஒனக்கு வந்துருச்சுல்ல?" என்று கேட்டான்.

"வந்துச்சு."

"நல்லா எழுதுலே" என்று என் தோளில் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.