ஒரே சரக்குக்கு ஐந்து தேதி

டோப்ரின்கா அக்கா வாயைத் திறந்தால் பொய்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பொய்களால்தான் எங்கள் மலையூர் இவாஞ்சித்சாவில் தொண்ணூறு குடும்பங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. எங்கள் நாற்காலித் தொழிற்சாலையின் திட்ட அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். நான் வுகோமான், சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் முற்றத்துக்குப் பொறுப்பாளன். அவருடைய பொய்கள் எல்லாம் கடைசியில் என் முற்றத்துக்குத்தான் வந்து சேரும் என்பதால் அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

மரம் என்றைக்கு வரவேண்டும், அறுப்பது எப்போது, வார்னிஷ் எப்போது, பொருத்திக் கட்டுவது எப்போது என்று கணக்குப் போட்டுப் பிரிவுக்கு ஒரு தாள் அனுப்புவது அக்காவின் வேலை. தாளில் சரக்கு கிளம்பும் தேதி இருக்கும். அந்தத் தேதி ஒரு பிரிவுக்கு இருந்ததுபோல இன்னொரு பிரிவுக்கு இருக்காது. மரக்கடைக்காரர் வாக்குக் கொடுத்தால் ஐந்து நாள் தாமதிப்பார், அவருக்கு ஐந்து நாள் முன்னதாகத் தேதி போகும். அறுப்புப் பிரிவுக்கு மூன்று. வார்னிஷ் பிரிவின் மிலோய்கோவுக்கு நான்கு. விற்பனைப் பிரிவுக்கு மட்டும் எதிர்த்திசையில் பொய், ஆறு நாளில் முடிகிற வேலைக்கு ஒன்பது நாள் ஆகும் என்பார், ஏனென்றால் அவர்கள் எந்தத் தேதியையும் வாடிக்கையாளரிடம் பேரம் பேசித் தொலைத்துவிட்டு வருகிற ரகம். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த பொய்கள் அவை.

யாரும் ஏமாந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். டோப்ரின்கா தேதி என்றால் அதில் சில நாள் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிலோய்கோ அதை மூன்று நாள் பொய் என்று நினைத்திருந்தார், உண்மையில் நான்கு. அந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் எங்கள் தொழிற்சாலை இருபத்தாறு வருடம் ஓடியது.

போன வருடம் கோடையில் புதிய டைரக்டராக உக்லேஷா வந்தான். முப்பத்துநான்கு வயது, என் மகனைவிட இளையவன். அதனால் அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். அப்பா எங்கள் மலைக்கு மேலே கதிச்சிக் கிராமத்துக்காரர், வியன்னாவுக்குப் பிழைக்கப் போனவர். பையன் அங்கேயே பிறந்து அங்கேயே படித்தவன். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வருவான், அதுவே எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. வந்த மூன்றாவது வாரம் கேன்டீன் சுவரில் ஆளுயரத் திரை ஒன்றை மாட்டினான். இனி எல்லாத் திட்டமும் அதில் தெரியும், எல்லோருக்கும் ஒரே தேதி என்றான்.

பழைய தேதிகளைத் திரையில் ஏற்றுவதற்காகப் பிரிவு பிரிவாகப் போய்த் தாள்களைச் சேகரித்தபோதுதான் வம்பு வெளியே வந்தது. ஒரே ஆர்டர், ஐந்து தாள், ஐந்து தேதி. அவற்றை அக்காவின் மேசைமேல் சீட்டுக்கட்டு விரிப்பதுபோல விரித்து வைத்தான். நானும் அங்கே இருந்தேன், வேலை இருந்ததால் அல்ல, வேடிக்கை பார்க்க.

"அம்மா, இது எல்லாம் ஒரே ஆர்டர்தானே?"

"ஒரே ஆர்டர்தான் தம்பி."

"அப்ப இதுல எது நிஜத் தேதி?"

"யாருக்கு?" என்றார் அக்கா.

உக்லேஷாவின் முகம் சிவந்தது. இது திட்டமிடல் இல்லை, ஏமாற்று வேலை என்றான். டிசம்பர் ஆர்டர் திரையில் போடும் உண்மைத் தேதியை வைத்தே கிளம்பும், அது நடந்துவிட்டால் திட்ட அறை என்ற ஒன்றே தேவையில்லை என்றான். அன்று மாலையே அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினான். ஜனவரி முதல் தேதியிலிருந்து அறை மூடப்படும், டோப்ரின்கா அம்மாள் வார்னிஷ் கொட்டகைக்கு எண்ணிக்கை எழுதப் போவார்.

அவன் கெட்டவன் இல்லை, தெரியாமல் செய்தான். அக்காவுக்கு ஆஸ்துமா. வார்னிஷ் கொட்டகையில் அவரால் ஒரு வாரம்கூட மூச்சுவிட முடியாது. வேலையை விட்டுப் போகலாம் என்றால் ஜனவரியிலிருந்து எண்ணினாலும் ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் இருந்தது. அதற்கு முன்னால் போனால் கையில் வருவது பாதிதான். இதை அவனிடம் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். பரிதாபத்தால் கிடைக்கிற நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் பொய் சொல்கிறவருக்குத் தன் விஷயத்தில் மட்டும் இவ்வளவு ரோஷம் எதற்கு?

டிசம்பர் ஆர்டர், எல்லைக்கு அப்பால் திரியெஸ்தே நகரில் ஒரு ஓட்டல்காரருக்கு இரண்டாயிரத்து நானூறு மடக்கு நாற்காலிகள். இருபத்திரண்டாம் தேதி மாலைக்குள் அங்கே இறங்க வேண்டும், தவறினால் அடுத்த வருட ஆர்டர் கிடையாது. ஆர்டர் தாளைப் பார்த்து உக்லேஷா திரையில் ஏற்றினான்: லாரி கிளம்பும் நாள் டிசம்பர் 20, காலை. எல்லாப் பிரிவுக்கும் அதே தேதி, பெரிய பச்சை எழுத்தில்.

மிலோய்கோ அந்தத் திரை முன்னால் நின்று காபியைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார். இத்தனை பெரிய எழுத்தில் இருபது என்று போட்டிருந்தால் உண்மையில் இருபத்தைந்தாவது இருக்கும் என்றார். அறுப்புப் பிரிவும் அப்படியே நினைத்தது. புது டைரக்டர் பொய் எத்தனை நாள் பொய் என்று யாருக்கும் தெரியாததால் ஆளாளுக்குத் தாராளமாகக் கூட்டிக்கொண்டார்கள். அது நிஜத் தேதி என்று உக்லேஷா மூன்று கூட்டங்களில் சத்தியம் செய்தான். அவன் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் இன்னும் ஒரு நாள் கூட்டினார்கள்.

டிசம்பர் பதினாறாம் தேதி எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு நாற்காலிதான் இருந்தது. அன்று மதியம் உக்லேஷா திட்ட அறைக்கு வந்தான். கையில் திரையின் அச்சுப் பிரதி. இன்னும் மூன்று முழு நாள் இருக்கிறது, தினம் முந்நூறு போட்டால் முடித்துவிடலாம் என்றான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"பத்தொன்பதாம் தேதி வேலை நாள்னு போட்டிருக்கே."

"தெரியும்மா. நிக்கோலா புனிதர் நாள். முப்பத்தோரு பேர் வீட்ல ஸ்லாவா, எல்லாரும் லீவு கேட்டாங்க, குடுத்துட்டேன். கழிச்சுதான் கணக்குப் போட்டிருக்கேன். மீதி அம்பத்தொன்பது பேர் இருக்காங்க."

"முப்பத்தோரு வீட்ல விருந்து. அதைச் சாப்பிடப் போறது யாரு தம்பி?"

"விருந்தாளிங்க."

"அந்த விருந்தாளிங்க எங்க வேலை பாக்கறாங்க?"

உக்லேஷா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த அச்சுப் பிரதியை நான்காக மடித்தான், பிறகு எட்டாக மடித்தான்.

தன் குடும்பத்துப் புனிதரின் நாளில் ஒருவன் வீட்டில் ஸ்லாவா என்ற விருந்தை வைத்தால் அவன் யாரையும் அழைப்பதில்லை. ஒருமுறை வந்தவன் வருடா வருடம் வருவான், வராவிட்டால் பகை. வேலைக்கு வராமல் போனால் ஒரு நாள் லீவு, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் ஆள் சாய்வான் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்லாவாவுக்குப் போகக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டலாமா என்று உக்லேஷா கேட்டான். ஒட்டிப் பாரேன், நிக்கோலா நாளில் சுத்தமாக ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது என்றார் அக்கா. பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல, உங்கள் வீட்டு ஸ்லாவா என்றைக்கு என்றார். அப்பா நிக்கோலாவுக்குத்தான் வைத்தார், அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு நான் வைக்கவில்லை என்றான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதிச்சிக்காரர்கள் எல்லோருக்கும் நிக்கோலாதான் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

அவன் போனதும் என்னையும் மிலோய்கோவையும் கூப்பிட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"டைரக்டர் அப்பாவோட ஸ்லாவாவை எடுத்து நடத்தறாராம், பத்தொன்பதாம் தேதி, நம்ம கேன்டீன்ல."

மிலோய்கோவிடம் ஒன்றைச் சொன்னால் அது அரை மணி நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போய்விடும். சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்திருந்தது, உக்லேஷா ஒருவனைத் தவிர. மீன் ஏற்பாடு என் தலையில் விழுந்தது, விரத காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பீன்ஸை கேன்டீன்காரி அடுப்பில் வைத்தாள். ரொட்டியை அக்கா தன் கையால் சுட்டார், பாதிரியாரிடமும் பேசிவிட்டார்.

பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு உக்லேஷா வந்தபோது கேன்டீன் வாசலில் மிலோய்கோ நின்றுகொண்டிருந்தார். கோட்டும் சூட்டும், ஒரு கையில் ஒயின் பாட்டில், இன்னொரு கையில் அரைக் கிலோ காபித்தூள். மூன்று முறை கன்னத்தில் முத்தம் கொடுத்து, வீட்டுக்காரரே வாழ்த்துகள் என்றார். அவருக்குப் பின்னால் அறுப்புப் பிரிவு முழுக்கச் சலவைச் சட்டையில் வரிசை கட்டி நின்றது. உக்லேஷா என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"அண்ணே, இவங்களை யாரு கூப்பிட்டது?"

"ஸ்லாவாவுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க டைரக்டர். அவங்களா வருவாங்க."

"நான் ஸ்லாவா வெக்கறேன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

திட்ட அறை ஜன்னலைப் பார்த்தான். திரைச்சீலை மூடியிருந்தது. வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்புகிற வீட்டுக்காரனை எங்கள் பக்கம் யாரும் மறப்பதில்லை, அது வியன்னாவில் வளர்ந்தவனுக்கும் தெரிந்திருந்தது. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனான்.

பாதிரியார் வந்தார். மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரொட்டியை அவரும் உக்லேஷாவும் கையில் பிடித்துச் சுற்றினார்கள், ஒயின் ஊற்றினார்கள். இறந்தவர்கள் பெயரைப் படிக்கும்போது அவன் அப்பாவின் பெயர் வந்தது. உக்லேஷாவின் ஒயின் சட்டைக் கையில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை. விளையாட்டாகத் தொடங்கிய வேலைதான், ஆனால் நானும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். சுற்றிப் பார்த்தேன், அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

ஸ்லாவா வைத்தவன் அன்று உட்காரக்கூடாது. ஐம்பத்தொன்பது பேருக்கும் அவனே மீனும் பீன்ஸும் பரிமாறினான். எல்லோரும் இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி எடுத்து, வாழ்த்திச் சாப்பிட்டு முடித்தபோது மணி பன்னிரண்டு. ராக்கியாச் சாராயம் எங்கே என்று மிலோய்கோ கேட்டார். பெட்டி திட்ட அறையில் பூட்டியிருக்கிறது, முந்நூறாவது நாற்காலி கட்டி முடிந்ததும் சாவி வரும் என்றார் அக்கா. முணுமுணுத்தார்கள், ஆனால் டைரக்டர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு உடனே கிளம்ப யாருக்கும் மனம் வரவில்லை. மற்ற வீடுகளில் விருந்து நடு இரவுவரை இருக்கும், அவசரம் இல்லை. சூட்டுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஐம்பத்தொன்பது பேரும் பொருத்தும் கூடத்துக்குப் போனார்கள். மாலை ஆறரை மணிக்கு முந்நூற்றுப் பத்து. அதற்கு முந்தின இரண்டு நாளும் அக்கா பிரிவு பிரிவாகப் போய் ஆளுக்கொரு பொய் சொல்லி நானூற்று ஐம்பது கட்டவைத்திருந்தார்.

அப்படியும் நூற்று நாற்பது குறைந்தது.

இருபதாம் தேதி காலை ஆறு மணிக்கே உக்லேஷா வாயிற்கதவருகே நின்றிருந்தான். நிறம் வெளுத்துப்போயிருந்தான். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று, லாரி வரவில்லை. என்னிடம் வந்து லாரி எங்கே என்றான். நாளைக்கு வரும் என்றேன். யார் சொன்னது என்றான். டோப்ரின்கா அக்கா, அக்டோபரிலேயே என்றேன்.

ஆமாம், எனக்குத் தெரியும், உங்களிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவன் திரையில் ஏற்றிய அந்த நிஜத் தேதி ஆர்டர் தாளிலிருந்து எடுத்தது. ஆர்டர் தாளை நிரப்பியவர் யார்? திரியெஸ்தேக்கு லாரிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதும், அக்கா அதை இரண்டு நாள் என்று எழுதியிருந்தார்.

உக்லேஷா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பொருத்தும் கூடத்துக்குப் போய்த் திருப்புளியை எடுத்தான். அன்று நாற்காலி முடிந்தது. இருபத்தொன்றாம் தேதி விடியற்காலையில் இரண்டு லாரிகளும் கிளம்பின. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது அவன் திட்ட அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தான். நானும் போனேன், இதைத் தவறவிட நான் பைத்தியக்காரன் இல்லை.

"எனக்கு எத்தனை நாள் பொய் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"ஒரு நாள்."

"எல்லாருக்கும் மூணு, நாலுன்னு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?"

"நீ சொன்ன நேரத்துக்கு வர்ற பையன். உனக்கு முந்தி இருந்தவருக்கு ஆறு நாள் வெச்சிருந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். கதவில் தான் ஒட்டிய நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தான். அக்காவும் பார்த்தார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அவர் அந்தக் கதவைப் பார்க்காமலேயே உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது நிஜத் தேதியா தம்பி?"

"இல்லம்மா. அதுல பதினாலு மாசம் கூட்டிக்கணும்."

அந்தப் பதினான்கு மாதத்தை அவன் காதில் போட்டது யார் என்று தெரிந்து அக்கா என்னை முறைத்தார். நாள்காட்டியை எடுத்து, விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து இன்னொரு முறை எண்ணினார். சரியாகத்தான் இருந்தது.