என் இரத்தத்துக்கு அவள் வைத்த நேர்த்தி

எந்தத் தாளையும் நானே வாசித்து விளங்கிக்கொள்வேன் என்று எனக்கொரு திமிர். உடம்பெல்லாம் கடித்துச் சொறிந்த நாட்களில் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். இரண்டு மாதமாகியும் கடியும் அரிப்பும் நிற்கவில்லை. திரும்பச் சோதிக்கச் சொன்னார் டொக்டர். வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்தில் கொடுத்தேன்.

இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பேசோபில் என்ற வரியில், முதல் தாளில் 0.05. இரண்டாவதில் 0.7. போனில் தேடினேன். வெள்ளை அணுக்களில் மிகவும் சொற்பமான வகை அது. அலர்ஜியிலும் கூடலாம், சில இரத்தப் புற்றுநோய்களிலும் கூடலாம் என்று போட்டிருந்தது. என் கண் அலர்ஜி என்ற சொல்லில் நிற்கவில்லை.

"பதினாலு மடங்கு ஏறிக் கிடக்கு. இது கான்சராத்தான் இருக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன். கொஞ்சமாவது யோசித்துச் சொல்லியிருக்கலாம். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுச் சாமிப் படத்தின் முன்னால் போய் நின்றாள். அது குறைந்தால், முருகன் கோயில் தேரன்று அடியழிப்பதாக நேர்ந்துவிட்டாள். தேருக்குப் பின்னால் மணலில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி விழுந்து வீதி முழுவதும் சுற்றவேண்டும். அவளுக்கோ ஏற்கெனவே முழங்கால் வருத்தம்.

டொக்டர் தாள்களைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, முதல் தாளிலை இருக்கிறது எண்ணிக்கை. ஒரு லீற்றர் ரத்தத்திலை எத்தினை நூறு கோடி எண்டு. மற்றதிலை இருக்கிறது வீதம். நூறு வெள்ளை அணுவிலை எத்தினை பேசோபில் எண்டு. உங்கடை வெள்ளை அணு மொத்தம் ஏழு நூறு கோடி. அதிலை 0.7 வீதம் எவ்வளவு?"

போனில் கணக்குப் போட்டேன். 0.049. பழைய 0.05 தான். கூடவுமில்லை, குறையவுமில்லை. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு அச்சடித்துத்தான் இருந்தது. கடிக்கு, சவர்க்காரத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

வீட்டு வாசல் படலையடியிலேயே நின்றாள் மனைவி. "என்னவாம்?"

"குறைஞ்சிட்டுது" என்றேன். நான்தான் பிழையாகப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு உண்மை இன்னும் உள்ளுக்குப் போய்விட்டது.

தேரன்று தண்ணீர்ப் போத்தலோடு அவள் பக்கத்தில் நடந்தேன். வெயில் ஏற ஏற மணல் சுட்டது. பாதி வீதியில் எழும்ப முடியாமல் கையூன்றி இருந்தாள்.

"காணும், இதோடை விடும்" என்றேன்.

"பேசாமல் வாங்கோ. உங்களுக்காகத்தானே."

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனாலும் பேசாமல்தான் போனேன்.

பின்னேரம் கதிரையில் இருத்தி, தோல் உரிந்த முழங்கால்களுக்கு மருந்து பூசினேன். முகத்தில் அப்படியொரு நிம்மதி அவளுக்கு.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குச் சொல்லேல்லை. மூண்டு வரியம் செய்யிறனெண்டு நேர்ந்தனான். இன்னும் ரெண்டு கிடக்கு."

சொல்ல வாயெடுத்தேன். "எரியுதோ?" என்று மட்டும் கேட்டேன்.